கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல், கிருமித் தொற்று, குறைப்பிரசவம்: பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டுமா?

கொடிமுல்லை | திருச்சி

வணக்கம். இரண்டாவது முறையாகக் கருவுற்றிருக்கிறேன், பதினான்காவது வாரம். மூத்தவன் 31 வாரத்தில் பிறந்தவன். வலியே இல்லாமல் பனிக்குடம் உடைந்து, மறுநாள் பிரசவம் ஆனது. இப்போது நன்றாக இருக்கிறான், பள்ளிக்குப் போகிறான்.

பனிக்குடம் உடைவதற்குச் சில வாரங்களுக்கு முன்பிருந்தே எனக்கு வெள்ளைப்பட்டுக்கொண்டிருந்தது. அரிப்பு இல்லை. தண்ணீராக, சற்று வாடையோடு. மாமியார் உடல் சூடு என்றார், வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தார். மருந்துக்கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். குழந்தை பிறந்த பிறகு, சுற்று வந்த ஒரு மருத்துவர், "கீழே இருந்த தொற்று மேலே ஏறியிருக்கும், அதில்தான் உடைந்திருக்கும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியம் இத்தனை வருடமாக என்னை விடவில்லை.

இப்போது பார்க்கும் மருத்துவரிடம், வெள்ளைப்படுதலுக்குப் பரிசோதனை செய்யலாமா என்று கேட்டேன். தொந்தரவு இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் அவசியமில்லை என்கிறார். என் நாத்தனாருக்கு வேறோர் இடத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாமலே பஞ்சு வைத்து எடுத்துப் பார்த்து மருந்தும் கொடுத்துவிட்டார்கள். இதில் எது சரி? அடம்பிடித்துப் பரிசோதனை செய்துகொள்ளட்டுமா?

மேகலை | பிரசவ வார்டு செவிலியர்

அந்த மருத்துவர் சொன்னது நடந்திருக்கக்கூடிய ஒன்றுதான். ஆனால் உங்களுக்கு நடந்தது அதுதான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. நஞ்சுக்கொடியையும் பனிக்குடச் சவ்வையும் திசு ஆய்வுக்கு அனுப்பியிருந்தால் ஓரளவு தெரிந்திருக்கும். பெரும்பாலான இடங்களில் அனுப்புவதில்லை, அப்படியே அப்புறப்படுத்திவிடுகிறோம்.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெண்ணின் பிறப்புறுப்புக்குள் கிருமி இருப்பது இயல்பு. இருந்தாக வேண்டும். அங்கே பெரும்பான்மையாக இருக்க வேண்டியவை லாக்டோபேசில்லஸ் வகை பாக்டீரியாக்கள். 1892இல் டோடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் இவற்றை விவரித்தார். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ஏற ஏற உட்சுவரில் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து சேரும். அதிலிருந்து இந்த பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலம் உண்டாக்கும். அதனால் அந்த இடத்தின் பிஎச் அளவு 3.8 முதல் 4.5 வரை அமிலமாகவே இருக்கும், வேறு கிருமிகளுக்கு அது ஒவ்வாது. கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன் கூடுவதால் இந்தக் காவல் பொதுவாக வலுப்படவே செய்கிறது.

சிலருக்கு லாக்டோபேசில்லஸ் குறைந்து, கார்ட்னெரெல்லா, பிரிவோடெல்லா, ஸ்னீத்தியா போன்றவை பெருகிவிடும். இதற்குத்தான் பாக்டீரியல் வஜினோசிஸ் என்று பெயர். வெளியிலிருந்து ஒரு நோய்க்கிருமி வந்து தாக்குவது போன்றதல்ல இது. இருப்பவற்றின் விகிதம் மாறிப்போவது. பாதிப் பேருக்கு மேல் எந்த அறிகுறியும் இருக்காது.

கருப்பைவாயில் கெட்டியான சளி அடைப்பு ஒன்று உண்டு. இவற்றில் சில பாக்டீரியாக்கள் அந்தச் சளியைக் கரைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. அதைக் கடந்து மேலே போய்ப் பனிக்குடச் சவ்வை எட்டினால் தாயின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொள்ளும். அழற்சி தொடங்கும், புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் சுரக்கும், அதனால் கருப்பை சுருங்கும். அது குறைப்பிரசவ வலி. அதே அழற்சி, சவ்வுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதத்தை அரிக்கும் நொதிகளையும் தூண்டிவிடுகிறது. சவ்வு முந்திக்கொண்டு கிழிந்தால் வலி வருவதற்கு முன்பே நீர் போய்விடும். உங்களுக்கு நடந்தது இந்த இரண்டாவது வகை.

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைப்பிரசவம். 2020இல் உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் அப்படிப் பிறந்தார்கள். அதில் ஏறத்தாழ 30 லட்சம் நம் நாட்டில். எல்லாவற்றுக்கும் கிருமி காரணமில்லை. மூன்றில் ஒரு பங்கு, இரத்த அழுத்தம், குழந்தையின் வளர்ச்சிக் குறைவு போன்றவற்றுக்காக மருத்துவர்களே முன்கூட்டி எடுப்பது. மீதியில் இரட்டைக் குழந்தை, கருப்பைவாய் பலவீனம், நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிதல் என்று பல காரணங்கள் உண்டு. பிரசவம் எவ்வளவு சீக்கிரம் நிகழ்கிறதோ அவ்வளவுக்குத் தொற்றின் பங்கு அதிகம். 36 வாரத்தில் பிறந்ததற்குக் கிருமியைத் தேடுவதைவிட 26 வாரத்தில் பிறந்ததற்குத் தேடுவதில் அர்த்தம் உண்டு.

பொன்வண்டு

நீளமாக எழுதுகிறீர்கள், சரி. வெள்ளைப்படுதல் உடல் சூட்டால் வருவது என்று என் பாட்டி காலத்திலிருந்து சொல்கிறார்கள். வெட்டைச் சூடு என்று பெயரே உண்டு. சோற்றுக்கற்றாழை, வெந்தயம், இளநீர் கொடுத்தால் நிற்கிறது. எல்லாவற்றையும் கிருமி என்று சொல்லி மாத்திரை தள்ள வேண்டுமா?

மேகலை

கர்ப்பத்தில் வெள்ளையாக, வாடையின்றி, அரிப்பின்றிக் கூடுதலாகப் படுவது இயல்பு. அது தானாகக் கூடும், தானாகக் குறையும். அந்தச் சமயத்தில் எதைக் குடித்தாலும் அதனால் நின்றது போலத்தான் தோன்றும். வெந்தயத்தோடு எனக்குச் சண்டை இல்லை. "சூடுதான்" என்று முடிவுகட்டி, வாடை வரும்போதும், பச்சை மஞ்சளாகப் படும்போதும், இரத்தம் கலந்து வரும்போதும் வீட்டிலேயே உட்கார வைக்கிறார்களே, அதோடுதான் சண்டை.

சோதனைக்குழாய் | ஆய்வகத்தில் வேலை

பரிசோதனை பற்றிக் கேட்டதால் இந்தப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். "பஞ்சு வைத்து எடுத்தார்கள்" என்று எல்லோரும் சொல்வதில் இரண்டு முற்றிலும் வேறான பரிசோதனைகள் இருக்கின்றன.

ஒன்று, ஸ்லைடில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது. உட்சுவரின் செல்கள் சாதாரணமாகத் தட்டையாக, ஓரம் கூர்மையாகத் தெரியும். வஜினோசிஸ் உள்ளவரின் ஸ்லைடில் அதே செல், எள் அப்பிய தட்டை போல விளிம்பே தெரியாமல் பாக்டீரியா மூடிக் கிடக்கும். இதை க்ளூ செல் என்போம். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் கருவாட்டு வாடை குப்பென்று வரும். பிஎச் தாள் 4.5க்கு மேல் காட்டும். கசிவு நீர்த்து, சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருக்கும். இந்த நான்கில் மூன்று இருந்தால் வஜினோசிஸ் என்பது 1983இல் ஆம்செல் வகுத்த அளவுகோல். கிராம் சாயம் ஏற்றி எண்ணிப் பார்த்து மதிப்பெண் போடும் நியூஜென்ட் முறை 1991இல் வந்தது. 7 முதல் 10 வரை வந்தால் வஜினோசிஸ், 3 வரை இயல்பு, நடுவில் இருப்பது இழுபறி.

இன்னொன்று கல்ச்சர். கிருமியை வளர்த்துப் பார்ப்பது. வஜினோசிஸுக்கு இது கிட்டத்தட்டப் பயனற்றது. நலமாக இருக்கும் பெண்ணுக்கும் கார்ட்னெரெல்லா வளரும். குடலிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஈ.கோலை வளரும். அறிக்கையில் "ஈ.கோலை வளர்ந்துள்ளது" என்று அச்சாகி வரும், கீழே எந்தெந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று ஒரு பட்டியலும் இருக்கும். அதைப் பார்த்த பிறகு மருந்து எழுதாமல் இருக்கப் பல மருத்துவர்களுக்கு மனம் வருவதில்லை. நோயாளியும் விடுவதில்லை. உங்கள் நாத்தனாருக்கு எது செய்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். கல்ச்சர் என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன்.

பொன்வண்டு

தட்டையை உதாரணம் சொல்லிக் கெடுத்துவிட்டீர்கள். இனி எப்படித் தின்பது?

காவிரிக்கரையான்

என் மனைவிக்கும் குறைப்பிரசவம். அதன்பின் இது தொடர்பான ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்தேன். தொழில் கணக்கு என்பதால் எண்களை நம்புவேன்.

வஜினோசிஸ் உள்ளவர்களுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு அதிகம் என்பது உறுதி. அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 1995இல் வெளியான ஆய்வில் குறைமாதத்தில், எடை குறைவாகப் பிறக்கும் வாய்ப்பு 40 சதவீதம் கூடியிருந்தது. வேறு பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் இரு மடங்கு என்கிறார்கள். அப்படியானால் கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் குறையத்தானே வேண்டும்? இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள்.

2000ஆம் ஆண்டு, அறிகுறி இல்லாத வஜினோசிஸ் உள்ள 1,953 கர்ப்பிணிகளில் ஒரு பாதிக்கு மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக், மறுபாதிக்கு வெற்று மாத்திரை. குறைப்பிரசவ விகிதத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு பிரான்ஸில் ப்ரெமேவா என்ற பெரிய ஆய்வு. 84,530 கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வஜினோசிஸ் இருந்த, ஆபத்து குறைவான பெண்களுக்குக் கிளிண்டாமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். 2018இல் முடிவு வந்தது. பிற்காலக் கருச்சிதைவும் மிக முன்கூட்டிய பிரசவமும் சேர்ந்து, மருந்து எடுத்தவர்களில் 1.2 சதவீதம், எடுக்காதவர்களில் 1.0. பலன் பூஜ்யம். அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல், ஆபத்து குறைவான, அறிகுறியில்லாத கர்ப்பிணிகளுக்கு இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றே பரிந்துரைத்தது.

பலன் இல்லாவிட்டால் போகட்டும், தீங்கும் உண்டு. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், உடலுறவில் பரவும் ட்ரைக்கோமோனாஸ் தொற்று இருந்து அறிகுறி இல்லாத கர்ப்பிணிகளுக்கு மெட்ரோனிடசோல் கொடுத்தபோது குறைப்பிரசவம் கூடிவிட்டது. மருந்து எடுத்தவர்களில் 19 சதவீதம், எடுக்காதவர்களில் 10.7. அதே ஆண்டு வந்த பிரிட்டனின் ஆரக்கிள் ஆய்வுகளில் ஒன்று, பனிக்குடம் உடையாமல் வலி மட்டும் வந்தவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தது. பிரசவத்தைத் தள்ளிப்போட முடியவில்லை. அந்தக் குழந்தைகளை ஏழு வயதில் மறுபடி பார்த்தபோது, ஆன்டிபயாடிக் எடுத்த தாய்மார்களின் குழந்தைகளிடம் மூளைவாதம் ஏறக்குறைய இரு மடங்கு.

ஆகவே உங்கள் மருத்துவர் சொல்வதே சரி. நாத்தனாருக்குச் செய்தது வியாபாரம்.

தென்றல்காற்று | மகப்பேறு மருத்துவப் பட்டமேற்படிப்பு மாணவி

வியாபாரம் என்று ஒரே போடாகப் போட்டுவிட வேண்டாம். நீங்கள் எடுத்துக்காட்டியவற்றில் பிரெஞ்சு ஆய்வின் முடிவு ஆபத்து குறைவான பெண்களுக்கானது. இழையைத் தொடங்கியவர் அந்தக் கூட்டத்தில் இல்லை. முன்பு ஒரு குறைப்பிரசவம் ஆனவர். அவரைப் போன்றோருக்கு அதே பணிக்குழு "வேண்டாம்" என்று சொல்லவில்லை, சாதகமாகவோ பாதகமாகவோ சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்றது. இரண்டும் ஒன்றல்ல.

காலமும் முக்கியம். 2003இல் லண்டனில் வந்த ஆய்வில் 12 முதல் 22 வாரத்துக்குள் கிளிண்டாமைசின் கொடுத்தபோது பிற்காலக் கருச்சிதைவும் குறைப்பிரசவமும் 244 பேரில் 13 பேருக்குத்தான் நேர்ந்தது. வெற்று மாத்திரை எடுத்த 241 பேரில் 38. சிறிய ஆய்வு, உண்மைதான். பிரெஞ்சு ஆய்வு அதை உறுதிப்படுத்தவில்லை என்பதும் உண்மை. என் பேராசிரியை ஒருவர், முன்பு 32 வாரத்துக்கு முன் பிரசவித்தவர்களுக்கு முதல் மூன்று மாதம் முடியும் தறுவாயில் ஸ்லைடு பார்ப்பார். இன்னொருவர் பார்க்கமாட்டார். இருவருமே படித்துத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்.

மருந்து ஏன் கைகொடுக்கவில்லை என்பதற்கு விளக்கங்கள் உண்டு. ஆன்டிபயாடிக் கெட்டவற்றைக் கொல்லும், லாக்டோபேசில்லஸை மறுபடி நட்டுவைக்காது. அந்தப் பாக்டீரியாக்கள் படலமாக ஒட்டிக்கொண்டு மருந்துக்குத் தப்புகின்றன. சில மாதங்களில் பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது. கிருமி ஏற்கெனவே சவ்வுவரை போய் அழற்சி கிளம்பிவிட்டால் கீழே சுத்தம் செய்வதில் என்ன பயன்? எல்லா லாக்டோபேசில்லஸும் ஒரே தரமும் அல்ல. கிரிஸ்பேட்டஸ் என்ற இனம் இருந்தால் நிலைமை உறுதியாக இருக்கிறது. இனெர்ஸ் என்ற இனம் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் கவிழலாம். 2011இல் வட அமெரிக்காவில் 396 பெண்களிடம் செய்த ஆய்வில், கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பெண்களில் கணிசமானோருக்கு லாக்டோபேசில்லஸ் ஆதிக்கம் இல்லாமலே இருந்தது. அவர்கள் நோயாளிகள் இல்லை, நலமானவர்கள். ஓர் ஊரின் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் எல்லோர் மீதும் வைத்தால் இப்படித்தான் குழப்பம் வரும்.

நம் நாட்டிலும் 2015 முதல் குருகிராம் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி என்ற பெயரிலேயே ஒரு நீண்டகால ஆய்வு நடக்கிறது. கர்ப்ப காலம் முழுவதும் மாதிரிகள் சேகரிக்கிறார்கள். அந்தத் தரவை வைத்துச் சென்னை ஐஐடி குழுவினர் இந்தியப் பெண்களுக்கென்று கர்ப்ப வாரத்தைக் கணக்கிடும் முறையொன்றை 2024இல் வெளியிட்டார்கள். வாரக் கணக்கே தவறாக இருந்தால் குறைப்பிரசவம் எது, நிறைமாதம் எது என்றே தெரியாது அல்லவா?

காவிரிக்கரையான்

ஆபத்து அதிகமுள்ளவர்கள் விஷயத்தில் ஆதாரம் போதவில்லை என்பதை ஏற்கிறேன். கல்ச்சர் எடுத்து ஈ.கோலைக்கு மருந்து கொடுப்பதை வியாபாரம் என்று சொல்வதிலிருந்து இறங்கமாட்டேன்.

தென்றல்காற்று

அதில் எனக்கும் மறுப்பு இல்லை. ஆனால் சிறுநீர்க் கல்ச்சர் வேறு. கர்ப்பத்தின் தொடக்கத்தில் அதை எல்லோருக்கும் செய்ய வேண்டும். அறிகுறி இல்லாவிட்டாலும் சிறுநீரில் கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும், சிறுநீரகத் தொற்றைத் தடுக்க அது உதவுகிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு "கல்ச்சர் எல்லாம் வீண்" என்று யாரும் போய்விடாதீர்கள்.

வாழைத்தோப்பு

தயிர், மோர் நிறையச் சாப்பிட்டால் நல்ல பாக்டீரியா கூடும் என்கிறார்களே? மருந்துக்கடையில் புரோபயாடிக் மாத்திரையும் கிடைக்கிறது.

மேகலை

மோர் குடியுங்கள், நல்லதுதான். ஆனால் தயிரில் இருக்கும் இனங்கள் வேறு, பிறப்புறுப்பில் குடியிருப்பவை வேறு. புரோபயாடிக் மாத்திரை குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. கிரிஸ்பேட்டஸையே பொடியாக்கி நேரடியாக உள்ளே வைத்துப் பார்த்த ஆய்வு 2020இல் வந்தது. மெட்ரோனிடசோல் முடித்த பிறகு அதை வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்குத்தான் 12 வாரத்துக்குள் வஜினோசிஸ் திரும்பியது, வைக்காதவர்களில் 45. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவர்கள் கர்ப்பிணிகள் இல்லை. தயிரை உள்ளே தடவிக்கொள்ளும் யோசனையை எங்கேயாவது படித்திருந்தால் மறந்துவிடுங்கள். சோப்பு, கிருமிநாசினி, வாசனைத் திரவம் எதுவும் உள்ளே போகக் கூடாது. உட்புறம் பீய்ச்சிக் கழுவுவதற்கும் வஜினோசிஸுக்கும் தொடர்பு இருப்பது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும்.

நெறியாளர்

மூன்று பேர் மருந்துப் பெயரும் அளவும் எழுதி "இதை வாங்கிச் சாப்பிடுங்கள்" என்று பதிவிட்டிருந்தார்கள். நீக்கிவிட்டேன். ஆய்வில் பயன்பட்ட மருந்தைக் குறிப்பிடலாம், சீட்டு எழுதக் கூடாது.

தென்றல்காற்று

நெறியாளர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். வெள்ளைப்படுதல் என்றதும் மருந்துக்கடையில் நீட்டும் மாத்திரை பெரும்பாலும் பூஞ்சைக்கானது. பூஞ்சைத் தொற்றில் தயிர்த் திப்பி போலப் படும், அரிக்கும், வாடை இருக்காது. கொடிமுல்லை சொன்ன தண்ணீர் போன்ற, வாடையுள்ள, அரிப்பில்லாத கசிவுக்கு அது வேலை செய்யாது. அதைவிட முக்கியம், கர்ப்பத்தில் பூஞ்சைக்குக்கூட வாய்வழி ஃப்ளூகோனசோலைத் தவிர்த்து, உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோலைத்தான் தருவோம்.

அறிகுறி உள்ள வஜினோசிஸுக்குக் கர்ப்பத்தில் மருந்து கொடுக்க வேண்டும், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மேலே நடந்த சண்டை முழுவதும் அறிகுறி இல்லாதவர்களைப் பற்றியது.

பனையோலை | யாழ்ப்பாணம், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்

பிள்ளைகள் எல்லோரும் கிருமியைப் பற்றியே கதைக்கிறீர்கள். நான் வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணித் தாய்மாரைப் பார்த்தவள். கிருமியைத் தடுக்க முடிந்ததோ இல்லையோ, நேரத்துக்கு வைத்தியசாலைக்கு வந்த தாயின் பிள்ளையைக் காப்பாற்ற வழி இருந்தது. இரவு முழுக்க வீட்டில் வைத்திருந்து விடிய வந்தால் ஒன்றும் செய்ய ஏலாது.

37 கிழமை (வாரம்) முடிவதற்கு முன் வயிறு கல்லுப் போல இறுகி இறுகி விடுகிறதா, நாரி (இடுப்பு) விட்டுவிட்டு நோகிறதா, கீழ்வயிற்றில் பாரம் அழுத்துவது போல இருக்கிறதா, உடனே வாருங்கள். "சூட்டு வலி, சீரகத் தண்ணீர் குடித்தால் அடங்கும்" என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். நிறைமாதத்தில் அப்படிப் பார்த்திருக்கலாம், முப்பது கிழமையில் பார்க்கக் கூடாது. தண்ணீர் கசிந்தால் சிறுநீரா பனிக்குட நீரா என்று வீட்டில் ஆராய வேண்டாம். சுத்தமான துணி வைத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, என்ன நிறம் என்று பார்த்து வைத்துக்கொண்டு புறப்படுங்கள். காய்ச்சல், கசிவில் நாற்றம், பிள்ளை அசைவு குறைதல், இவை இருந்தால் இன்னும் அவசரம்.

மேகலை

அம்மா சொல்வதை அப்படியே வழிமொழிகிறேன். நேரத்துக்கு வந்தால் நாங்கள் என்ன செய்வோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பயம் குறையும்.

கசிவு பனிக்குட நீர்தானா என்று கருவி வைத்துக் கண்ணால் பார்ப்போம். நிறம் மாறும் தாளில் தொட்டால் நீலமாகும், ஏனென்றால் பனிக்குட நீர் காரத்தன்மை உடையது. வஜினோசிஸ் இருந்தாலும் அந்தத் தாள் நீலமாகிவிடும், அதனால் தாளை மட்டும் நம்புவதில்லை. ஸ்லைடில் காயவைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் பனிக்குட நீர் பெரணி இலை வடிவில் படிகமாகியிருக்கும். உடைந்தது உறுதியானால் கையை விட்டு அடிக்கடி பரிசோதிக்கமாட்டோம். ஒவ்வொரு முறையும் கிருமியை நாமே மேலே தள்ளுவது போலாகிவிடும். ஏன் யாரும் வந்து பார்க்கவில்லை என்று உறவினர்கள் சண்டைக்கு வருவார்கள், காரணம் இதுதான்.

பிறகு "நுரையீரல் ஊசி". அரசு மருத்துவமனைகளில் பெரும்பாலும் டெக்சாமெத்தசோன், 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. குழந்தையின் நுரையீரலில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தேவையான பொருள் சுரக்க இது உதவுகிறது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்ற இருவர் 1972இல் நிரூபித்தது. ஊசி போட்டு ஒரு நாள் கழிந்து, ஒரு வாரத்துக்குள் பிறந்தால் பலன் அதிகம். அந்த அவகாசத்துக்காகத்தான் கருப்பை சுருங்குவதைத் தணிக்க நிஃபெடிபின் போன்ற மருந்தை இரண்டு நாள் கொடுத்துப் பார்க்கிறோம். 32 வாரத்துக்கு முன்பானால், மூளையைக் காக்கத் தாய்க்கு மெக்னீசியம் சல்ஃபேட் ஏற்றுவோம்.

ஆன்டிபயாடிக் பற்றிக் காவிரிக்கரையான் எழுதியதைப் படித்துவிட்டு யாரும் மறுத்துவிடாதீர்கள். அவர் சொன்னது பனிக்குடம் உடையாதவர்களுக்கு. உடைந்தவர்களுக்கு எரித்ரோமைசின் கொடுத்ததில் பலன் இருந்ததும் அதே ஆரக்கிள் ஆய்வு வரிசையில்தான் தெரிந்தது.

காவிரிக்கரையான்

ஆமாம், அது ஆரக்கிள் முதல் ஆய்வு. அதிலேயே கோ-அமாக்சிக்ளாவ் எடுத்தவர்களின் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் கூடியதால் அந்த மருந்தைத் தவிர்க்கிறார்கள்.

சிட்டுக்குருவி

29 வாரத்தில் பிறந்து, 1,100 கிராம் இருந்தவளின் அம்மா நான். கிருமியா வேறு காரணமா என்று எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை. பிறந்த பிறகு வரும் சிக்கல்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று வந்தேன்.

முதல் நாட்களில் மூச்சுத் திணறல்தான் பெரிய பயம். மூக்கில் குழாய் வைத்துக் காற்றழுத்தம் கொடுப்பார்கள். அடுத்து மூளையில் இரத்தக் கசிவு இருக்கிறதா என்று உச்சிக்குழி வழியாக ஸ்கேன். குடல் அழுகல் நோய் வராமல் இருக்கத் தாய்ப்பால் பெரிய துணை. முதலில் எனக்குச் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது, அதையும் சிறு ஊசிக்குழாயில் பிடித்துக் கொடுக்கச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

கண் பரிசோதனையை மட்டும் யாரும் தவறவிடக் கூடாது. 34 வாரத்துக்குள் பிறந்த, அல்லது 2 கிலோவுக்குக் குறைவான குழந்தைக்குப் பிறந்து 30 நாளுக்குள் விழித்திரையைப் பார்க்க வேண்டும். மிகச் சிறியவர்களுக்கு இன்னும் முன்பே. வார்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் களிப்பில் இந்தத் தேதி மறந்துபோகும். எங்களுடன் இருந்த ஒரு குடும்பம் சீட்டைப் பையில் வைத்துவிட்டு மறந்தே போனார்கள். நல்லவேளையாகச் செவிலியர் தொலைபேசியில் விரட்டிப் பிடித்தார்.

கங்காரு முறையில் மார்போடு அணைத்துக்கொள்வது வெறும் பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். கொலம்பியாவின் பொகோட்டாவில் 1978இல் தொடங்கியது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வந்த ஆய்வில், நிலைப்படும்வரை காத்திராமல் பிறந்த உடனேயே தொடங்கியபோது இறப்பு கால் பங்கு குறைந்தது. என் கணவரும் மாறி மாறி வைத்துக்கொண்டார்.

பொன்வண்டு

ஏழில் பிறந்தால் பிழைக்கும், எட்டில் பிறந்தால் பிழைக்காது என்பார்களே, அது?

தென்றல்காற்று

தவறு. ஒவ்வொரு வாரம் கூடும்போதும் பிழைக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்த நம்பிக்கை நமக்கு மட்டும் சொந்தமில்லை, பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே இருக்கிறது. "ஏழு முடிந்துவிட்டது, இனி எட்டைத் தாண்டிப் பெற வேண்டுமே" என்று எங்கள் வார்டில் அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாழைத்தோப்பு

வஜினோசிஸுக்குக் கணவருக்கும் மருந்து கொடுக்க வேண்டுமா? எங்கள் வீட்டில் இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறார்.

மேகலை

நெடுங்காலமாகத் தேவையில்லை என்றுதான் சொல்லிவந்தார்கள். 2025இல் ஆஸ்திரேலியாவில் வந்த ஆய்வு அதை மாற்றத் தொடங்கியிருக்கிறது. பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்பியது. கணவருக்கும் மாத்திரையும் களிம்பும் ஒரு வாரம் கொடுத்தபோது 35 ஆகக் குறைந்தது. ஒரே துணையோடு வாழ்பவர்களிடம் செய்தது, கர்ப்பம் தொடர்பான ஆய்வு அல்ல. உங்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் மருத்துவரிடம் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எழுந்து போகிறவர் அந்த அறையிலிருந்து எழுந்து போகமாட்டார்.

கொடிமுல்லை

எல்லோருக்கும் நன்றி. இரண்டு தடவை படித்தேன். நாத்தனாரிடம் கேட்டேன், சோதனைக்குழாய் சொன்னது போலக் கல்ச்சர்தான் செய்திருக்கிறார்கள்.

அடுத்த முறை போகும்போது, முன்பு 31 வாரத்தில் பனிக்குடம் உடைந்ததை மறுபடி எடுத்துச் சொல்லி, என்னைப் போன்றவளுக்கு ஸ்லைடு பார்ப்பதில் அவர் கருத்தென்ன என்று கேட்கப் போகிறேன். வாடை வந்தால் அன்றே போவேன். சிறுநீர்க் கல்ச்சர் செய்தார்களா என்று கோப்பில் பார்க்க வேண்டும். வீட்டில் இப்போதே படுத்த படுக்கையாக இரு என்கிறார்கள். அது உதவுமா? கருப்பைவாய் நீளத்தை அளக்கும் ஸ்கேன் என்று ஒன்று சொல்கிறார்களே, அது எனக்கு வேண்டுமா?

தென்றல்காற்று

படுத்தே இருப்பது குறைப்பிரசவத்தைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் இரத்தம் உறைய வாய்ப்பு கூடும், தசை தளரும், மனமும் சோர்ந்துபோகும். பாரம் தூக்காமல் வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்.

அந்த ஸ்கேன் உங்களுக்கு மிகவும் பொருந்தும். எனக்குக் கேட்டால், பஞ்சுப் பரிசோதனைக்கு அடம்பிடிப்பதைவிட இதற்கு அடம்பிடியுங்கள். முன்பு குறைப்பிரசவம் ஆனவர்களுக்கு 16 வாரத்திலிருந்து 24 வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை உட்புற ஸ்கேனில் கருப்பைவாயை அளப்பார்கள். 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கருப்பைவாயில் தையல் போடுவதா, உள்ளே வைக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் மருந்தா என்று முடிவு செய்வார்கள். உங்கள் பழைய வரலாற்றுக்காகப் புரோஜெஸ்டிரோனை முன்பே தொடங்கும் மருத்துவர்களும் உண்டு. உங்களுக்குப் பதினாறாவது வாரம் நெருங்குகிறது, முன்பதிவு செய்துகொள்ளுங்கள்.

கொடிமுல்லை

உட்புற ஸ்கேன் என்றால் அதன் வழியாகவே கிருமி உள்ளே போய்விடாதா? அம்மா வேண்டாம் என்கிறார்.

தென்றல்காற்று

கருவியின் மேல் ஒவ்வொருவருக்கும் புதிய உறை மாட்டுவார்கள். அது கருப்பைவாய்க்குள் நுழைவதில்லை, வெளியே நின்றுதான் அளக்கிறது. பனிக்குடம் உடையாத நிலையில் பயம் வேண்டாம். வயிற்று ஸ்கேனுக்குப் போல வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுப் போகாதீர்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பைவாய் இழுபட்டு, இருப்பதைவிட நீளமாகக் காட்டும். உள்ளே கூப்பிடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுப் போங்கள்.